ஏழாம் எண் கிண்ணம்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லாரும் வில்லை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் 'தொழில்நுட்ப உதவியாளர், இரண்டாம் நிலை' என்று என்னவோ நீளமாக இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே யாரென்று தெரியாது. வில்லை அக்கா என்று சொல்லிப் பாருங்கள், எழுந்து நின்று கை நீட்டிக் காட்டுவார்: நேரே போய் இடது பக்கம் மூன்றாவது கதவு.

பன்னிரண்டு வருடமாக அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் வில்லை செய்கிறாள். மாவைவிட மெல்லிய வெள்ளைப் பொடியை எஃகு அச்சில் கொட்டி, அழுத்தி, சட்டைப் பொத்தான் அளவில் வில்லையாக எடுத்து, பீங்கான் கிண்ணத்தில் அடுக்கி, மேலே அதே பொடியைத் தூவி மூடி, ஆயிரத்துச் சொச்சம் டிகிரி உலையில் சுடுவாள். நம் கைபேசி பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கிறது, அது சட்டென்று பற்றிக்கொள்ளும். அந்தத் திரவத்தின் இடத்தில் எரியாத இந்த வில்லையை வைத்துவிட்டால், ஒரு பக்கத்தில் சுத்த லித்திய உலோகத்தையே வைக்கலாம். அதே எடைக்கு மின்சாரமும் கூடுதலாக நிற்கும், தீப்பிடிக்கும் பயமும் குறையும்.

சொல்ல இவ்வளவுதான். செய்யத்தான் ஊர் உலகமெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்கிறது. லித்தியத்துக்கு ஒரு கெட்ட குணம். மின்சாரம் போய்வரப் போய்வர மயிரிழை மாதிரி முளை விடும். வில்லையில் எங்கே ஒரு நூல் அளவு பலவீனம் இருக்கிறது என்று தேடி உள்ளே நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும். அத்தோடு சரி, உள்ளுக்குள் ஷார்ட். கணினித் திரையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மின்னழுத்தக் கோடு தொபுக்கென்று கீழே விழும். "கோடு விழுந்துடுச்சு" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் யாரும் யாரையும் தேநீர் குடிக்கக் கூப்பிட மாட்டார்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் ஆறு வருடம் மருந்துக் கம்பெனியில் மாத்திரை அழுத்தும் இயந்திரத்தில் இருந்தாள். ஆய்வுக்கூடத்தின் தலைவி, எல்லாருக்கும் 'மேடம்', நேர்காணலில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு கரண்டிப் பொடியையும் அச்சையும் முன்னால் நகர்த்தி, "அழுத்திக் காட்டுங்க" என்றார். இவள் பொடியை விரல் நுனியில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது ஈரம் குடிச்சிருக்கு மேடம், அழுத்தினா ஓரம் உதிரும்" என்றாள். மேடம் சோதித்துப் பார்த்தார். உதிர்ந்தது. மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

அன்று முதல் அவள் கையில் ஒரு கர்வம் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏறினால் என்ன? தகுதி இல்லாதவர்களெல்லாம் தலை நிறைய வைத்துக்கொண்டு திரிகிறார்கள், இவளுக்குக் கை நிறைய இருந்துவிட்டுப் போகட்டும். அதைவிடப் பெரிய கர்வம் அவளுடைய நோட்டு. நாள், பொடி, எடை, அழுத்தம், கிண்ணம், சூடு, எத்தனை மணி நேரம், ஒன்று விடாமல் எழுதுவாள். தும்மினால் அதையும் எழுதுவாள் என்று கேலி பேசுவார்கள். உண்மையிலேயே ஒருமுறை எழுதியிருக்கிறாள்: 'பொடி போடும்போது தும்மினேன். இரண்டாவது வில்லையைத் தள்ளிவிடவும்.'

வீட்டில் கேலி வேறு மாதிரி. கணவர் கடைத்தெருவில் கைபேசி பழுது பார்ப்பவர். "இத்தனை வருஷமா மாத்திரை செய்யுற, ஒண்ணு போட்டா எனக்குத் தலைவலி போகுமா?" என்பார். "உங்க தலைவலிக்கு மாத்திரையே நான்தான்" என்பாள் இவள். அவருக்குத் தலைவலி வந்ததே இல்லை. வந்தது தீ. எட்டு வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் உப்பிப்போன பேட்டரியைக் கழற்றும்போது அது கையிலேயே வெடித்து எரிந்தது. வலது கையின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் புதிதாக வளர்ந்தது, ரேகை வளரவில்லை. ஊரார் போனையெல்லாம் திறந்து கொடுக்கிறவருக்குத் தன் போனை அந்த விரலால் திறக்க முடியாது. அன்றிலிருந்து கடையில் மேசைக்கடியில் ஒரு வாளி மணல் நிற்கிறது. அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் மறுநாள் இன்னும் கொஞ்சம் கவனமாகப் பொடியைச் சலிப்பாள்.

இப்படி இருந்தவளைத்தான் ஒரு கிண்ணம் சறுக்க வைத்தது.

ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருந்தாள். எதற்கெடுத்தாலும் "ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பதால் அவளுக்கு 'சந்தேகம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு பொடிக்கு ஒரு புதுக் கலவை கண்டுபிடித்தாள். புதுக் கலவைக்குச் சுத்தம் முக்கியம் என்று மேடம் ஒரு புது விதி போட்டார்: இனிமேல் ஒரு தடவை சுட ஒரு புதுக் கிண்ணம். பழையதெல்லாம் குப்பைக்கு. எண் போட்டு வருடக்கணக்கில் புழங்கிய கிண்ணங்கள் அட்டைப் பெட்டியில் ஏறிக் கதவோரம் உட்கார்ந்தன.

அந்த வாரம் வெளியிலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். மேடம் இவளைக் காட்டி, "பன்னிரண்டு வருஷத்துல ஒரு கிண்ணம்கூட உடைக்காத கை இது" என்றார். இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சரியாக ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை மதியம், புதுக் கிண்ணத்தைத் தட்டிலிருந்து எடுக்கும்போது கை தவறி விழுந்து மூன்று துண்டாகப் போயிற்று.

இருந்தது அந்த ஒரே புதுக் கிண்ணம்தான். அடுத்த பெட்டி செவ்வாய்க்கிழமைதான் வரும். அழுத்தி வைத்த ஆறு வில்லைகள் அதுவரை தாங்காது, காற்றில் ஈரம் குடித்துக் கெட்டுவிடும். ஓடிப்போய் மேடத்திடம் சொல்லியிருக்கலாம். சொல்ல நா எழவில்லை. புகழ்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அந்தப் புகழ் இன்னும் காதிலேயே நிற்கிறது. கதவோரப் பெட்டியிலிருந்து ஏழாம் எண் கிண்ணத்தை எடுத்தாள். அடிப்பக்கம் பழுப்பேறி, விளிம்பு தேய்ந்து, அவள் கைக்கு ரொம்பப் பழகினது. துடைத்து, வில்லைகளை அடுக்கி, பொடி தூவி உலைக்குள் வைத்தாள். பிறகு நோட்டை எடுத்தாள். 'கிண்ணம்' என்ற கட்டத்தில் 'புதியது' என்று எழுதினாள்.

பன்னிரண்டு வருடத்தில் அந்த நோட்டில் ஏறிய முதல் பொய். உடைந்த துண்டுகளைத் தாளில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். திங்கட்கிழமை வில்லைகளை எடுத்ததும், ஏழாம் எண்ணைத் தன் அலமாரிப் பெட்டிக்குள் ஒளித்து, சும்மா கிடப்பானேன் என்று அதில் தலைப்பின்களைப் போட்டு வைத்தாள். திருடுகிறவர்களுக்கு இந்த அளவுக்குக்கூடப் புத்தி வேலை செய்யாதா என்று நீங்கள் கேட்கலாம். பழக்கமில்லாத தொழில், என்ன செய்வது?

அந்த ஆறு வில்லைகள்தான் தாங்கின.

மற்ற வில்லைகளில் மூன்றாம் நாளே கோடு விழும். இதில் பத்து நாள் போயிற்று, இருபது நாள் போயிற்று. இரண்டு பக்கமும் லித்தியம், நடுவில் இவள் வில்லை, மின்சாரம் இங்கும் அங்கும் போய்வருகிறது, கோடு அசையவில்லை. நாற்பதாம் நாள் மேடமே எழுந்து வந்து கேக் வெட்டினார். முதல் துண்டு வில்லை அக்காவுக்கு. சந்தேகம் அவளைக் கட்டிக்கொண்டு, "அக்கா, கலவை என்னுது, கை உங்களுது" என்றாள். அந்த நிமிடத்தில் கிண்ணத்தின் நினைப்பே அவளுக்கு இல்லை. கிண்ணம் வெறும் பாத்திரம்தானே. பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள், அங்கிருந்த படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அதன் பிறகு செய்த ஒரு வில்லையும் தாங்கவில்லை. அதே பொடி, அதே அழுத்தம், அதே சூடு, புதுக் கிண்ணம். மூன்றாம் நாள் கோடு விழுந்தது. திரும்பச் செய்தார்கள், திரும்ப விழுந்தது. இதைப் பற்றிச் சந்தேகம் எழுதிய கட்டுரையை வெளியிட ஒப்புக்கொண்ட ஆய்வு இதழ், வேறொரு ஆய்வுக்கூடமும் இதைச் செய்து பார்க்கட்டும் என்றது. நோட்டின் நகலை வெளியூருக்கு அனுப்பினார்கள். அவர்களும் அப்படியே செய்து பார்த்துவிட்டு, 'தாங்கவில்லை' என்று ஒரே வரியில் பதில் எழுதினார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். புளுகில் கத்துக்குட்டியான இவளுடையது ஏழு மாதம் ஓடிவிட்டது.

ஒரு நாள் மதியம் வில்லைத் தட்டோடு மேடத்தின் அறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே சந்தேகம் தலைகுனிந்து நின்றிருந்தாள்.

"அக்கா நோட்டை வரிக்கு வரி பார்த்துட்டேன்" என்றார் மேடம். "எல்லா தடவையும் ஒரே மாதிரிதான் செஞ்சிருக்காங்க. அந்த நோட்டுல பொய் இருக்காது. அப்போ தப்பு நீ அளந்த அளவுலதான் இருக்கணும். நாற்பது நாள் ஓடுச்சுன்னு காட்டுறியே, அது நிஜமான ஓட்டம்தானா?"

"மேடம், நான் எதையும் மாத்தலை."

"மாத்தினேன்னு நான் சொல்லலை. மத்தவங்க சொல்லுவாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். இல்லைன்னா கட்டுரையைத் திரும்ப வாங்கிடுவோம். உன் பட்டத்தைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்."

அந்த நோட்டுல பொய் இருக்காது! இத்தனை வருடம் தேனாக இனித்த பேச்சு அன்றைக்கு வில்லை அக்காவைத் தேளாகக் கொட்டியது. வில்லைகளை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் உடை மாற்றும் அறைக்குள் சந்தேகம் அழும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது.

சாயங்காலம் கணவரின் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கிண்ணத்தாலதான் தாங்குச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா மத்ததெல்லாம் ஒண்ணுதாங்க. வித்தியாசம்னு பார்த்தா நான் மறைச்சது மட்டும்தான்."

"சொன்னா வேலை போயிடுமா?"

"வேலை போகாது. பேரு போயிடும்."

"சொல்லலைன்னா?"

"அந்தப் பொண்ணு பேரு போயிடும்."

அவர், "அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்குற? நீதான் முடிவு பண்ணிட்டியே" என்று சொல்லித் திருப்புளியை எடுத்துக்கொண்டார். ரேகையில்லாத அந்த இரண்டு விரல்களை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த விரலுக்காக என்று எட்டு வருடமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டு செய்த வேலையைத் தன் ஒரு நாள் வெட்கத்துக்கு அடகு வைத்துவிட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலை மேடம் கைப்பையைக் கூட இன்னும் கீழே வைக்கவில்லை. அதற்குள் வில்லை அக்கா ஏழாம் எண் கிண்ணத்தை மேசை மேல் வைத்தாள். அடியில் ஒரு தலைப்பின் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தாங்கின ஆறும் இதுல சுட்டது மேடம். புதுசு என் கை தவறி உடைஞ்சுபோச்சு. நோட்டுல பொய் எழுதினேன். அந்தப் பொண்ணு மேல தப்பில்லை."

மேடத்தின் முகம் சிவந்தது. "ஏழு மாசம்!" என்றார். "ஏழு மாசமா இந்தக் கட்டடத்துல இருக்குறவங்க எல்லாரும் சுவத்துல முட்டிக்கிட்டு இருக்கோம். ஒரு கிண்ணம் உடைஞ்சதைச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?" இன்னும் நிறையச் சொன்னார். அத்தனையும் நியாயம். இவள் குனிந்த தலை நிமிராமல் வாங்கிக்கொண்டாள். நடுவில் யாரோ இருமினார்கள். சந்தேகம் கதவருகே நின்று கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் பார்வை கூர்மையாகிவிட்டது.

"அக்கா, ஒரு சந்தேகம். இந்தக் கிண்ணத்துல அதுக்கு முன்னாடி எத்தனை தடவை சுட்டிருப்பீங்க?"

"அறுபத்து மூணு. நோட்டுல இருக்கும்."

"மேடம்!" என்றாள் சந்தேகம். "சூட்டுல வில்லையிலிருந்து லித்தியம் ஆவியாப் போகும்னுதான் மேல பொடி தூவுறோம். ஆனா கிண்ணமே குடிச்சா? புதுக் கிண்ணம் தாகத்தோட இருக்கு. சுடும்போது வில்லையோட லித்தியத்தை அது இழுத்துடுது, வில்லை உள்ள நொய்ஞ்சுபோகுது. இது அறுபத்து மூணு தடவை குடிச்சு வயிறு நிறைஞ்ச கிண்ணம். இதுக்கு இனிமே ஒண்ணும் வேணாம்."

மேடம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பழசையெல்லாம் தூக்கிப் போடுங்கன்னு சொன்னது நான்" என்றார். பிறகு தலைப்பின்னைக் கிள்ளி எடுத்து வில்லை அக்காவிடம் நீட்டினார். "கழுவிட்டு, இன்னைக்கே ஆறு போடுங்க."

மூன்றாம் நாள் யாருமே வேலை பார்க்கவில்லை. எல்லாரும் திரை முன்னால் நின்றார்கள். கோடு நேராகப் போனது. பத்தாம் நாளும் போனது. அடுத்த சில வாரங்களில் சந்தேகம் கழிவுப் பொடியைப் போட்டுச் சும்மா சுட்டுச் சுட்டு நாலு புதுக் கிண்ணங்களுக்கு வயிற்றை நிரப்பினாள். அவற்றில் சுட்ட வில்லைகளும் தாங்கின. கிண்ணம்தான் என்று ஐயமில்லாமல் தெரிந்துபோயிற்று. சந்தேகத்தின் பட்டமும் பிழைத்தது, பெயரும் பிழைத்தது.

பிறகு மேடம் அந்தப் பழைய நோட்டைக் கேட்டார். ஆய்வு நோட்டில் எழுதியதை அழிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது. தப்பு என்றால் ஒரே கோடு போட்டு அடித்து, கீழே இருப்பது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வில்லை அக்கா 'புதியது' என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'பொய். புதுக் கிண்ணம் என் கை தவறி உடைந்தது. பழைய கிண்ணம், எண் ஏழு. அறுபத்து நான்காவது தடவை.' கையெழுத்து, தேதி.

"இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அப்படியே கட்டுரையோட பின்னிணைப்புல போடப்போறேன்" என்றார் மேடம்.

"மேடம், மானம் போயிடும்!"

"உங்க மானம் போகாது. இதைப் படிச்சுட்டு உலகத்துல எத்தனை பேர் அவங்க நோட்டை எடுத்துப் பார்க்கப்போறாங்கன்னு பாருங்க. பக்கத்துலயே என் விதியும் இருக்கும், இந்த விதி தப்புன்னு என் கையெழுத்தோட."

அப்படியே வந்தது. கணவர் அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்துக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். யார் கேட்டாலும், "எங்க வீட்டம்மா சொன்ன ஒரே பொய். உலகம் பூரா அச்சாகியிருக்கு. நாம சொல்ற பொய்யெல்லாம் தெருமுனையைத் தாண்டுதா?" என்பார். கிழித்துப் போடுங்கள் என்று அவள் இரண்டு நாள் சண்டை பிடித்தாள். மூன்றாம் நாள் அதன் மேல் படிந்திருந்த தூசியை அவளே துடைத்தாள்.

ஒரு சாயங்காலம் கடையில் இருக்கும்போது அவளுக்குப் போன் வந்தது. தெரியாத எண், பழக்கமில்லாத பெண் குரல்.

"வில்லை அக்காங்களா? உங்க நோட்டை எங்களுக்குத்தான் அனுப்பினாங்க. இங்க நான்தான் வில்லை போடுறேன். முதல் தடவை தாங்கலைன்னதும் என் கைதான் சரியில்லைன்னு எல்லாரும் என்னைத்தான் பேசினாங்க."

வில்லை அக்கா சந்தேகத்தின் அழுகையை மட்டும்தான் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டிருந்தாள். இன்னொருத்தியும் எங்கோ ஓர் உடை மாற்றும் அறையில் அழுதிருப்பாள் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"மன்னிச்சுக்கோம்மா" என்றாள்.

"ஐயோ, அதுக்கு நான் கூப்பிடலைக்கா. திருத்தின பக்கத்தைப் பார்த்து ஒரு வரி விடாம செஞ்சேன். இன்னையோட நாற்பத்தி ரெண்டு நாள். கோடு நிக்குது. எங்க ஆளுங்க என்னை நாற்காலி போட்டு உட்கார வச்சிருக்காங்க." அவள் சிரித்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. முதல்ல புதுக் கிண்ணம் கை தவறி உடைஞ்சதுன்னு எழுதியிருக்கீங்களே, அதையும் செய்யணுமான்னு எங்க சார் கேக்கச் சொன்னாரு."

வில்லை அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"வேணாம்மா" என்றாள். "அதை எல்லாருக்கும் சேர்த்து நானே உடைச்சுட்டேன்."

போனை வைத்ததும் கணவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மேசைக்கடியில் இருந்த மணல் வாளியைக் காலால் லேசாகத் தட்டினாள்.

"இதை எப்பம்மா எடுத்துப் போடலாம்?" என்றார் அவர்.

"கடைக்கு வர்ற பேட்டரியெல்லாம் மாறணும். இன்னும் பத்து வருஷமாவது ஆகும்."

"ஆகட்டும். மணல் கெட்டா போயிடும்?" என்று சொல்லி, அந்த இரண்டு விரல்களாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.